மயாமியில் எத்தனை பேர் என்பதைவிட, எந்த மேட்டில் எத்தனை பேர் என்று கேட்பது நல்லது

கேள்வி: "மயாமியின் மக்கள்தொகை ஓர் இடத்தில் 4.4 லட்சம், இன்னோர் இடத்தில் 27 லட்சம், வேறோர் இடத்தில் 61 லட்சம் என்று இருக்கிறது. எது சரி? மயாமி-டேட் கவுண்டியும் மயாமி நகரமும் ஒன்றா? அவ்வளவு பரப்பு இருந்தும் அங்கே ஏன் இத்தனை நெருக்கடி? யாரெல்லாம் அங்கே வாழ்கிறார்கள்? வேலை காரணமாகக் குடிபோக வேண்டியிருக்கிறது."

மூன்று எண்ணும் சரிதான். எல்லைதான் வேறு வேறு. 2020 சென்சஸ்படி மயாமி நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் 4,42,241 பேர். அந்த நகரத்தையும் அடக்கிய மயாமி-டேட் கவுண்டியில் 27,01,767 பேர். வடக்கே ஒட்டியிருக்கும் ப்ரோவர்டு, அதற்கும் வடக்கே பாம் பீச் ஆகிய இரண்டு கவுண்டிகளையும் கூட்டினால் 61,38,333. இதைத்தான் மயாமி பெருநகரப் பகுதி என்கிறார்கள். ஃப்ளோரிடாவில் மக்கள்தொகையில் முதல் கவுண்டி மயாமி-டேட். அமெரிக்கா முழுவதிலும் ஏழாவது.

இதில் மிகக் குறைவாகப் பயன்படுவது முதல் எண். கவுண்டியில் வாழ்பவர்களில் ஆறில் ஐந்து பேர் மயாமி நகரத்துக்கு வெளியே இருக்கிறார்கள். நகரத்தின் நிலப்பரப்பு வெறும் 93 சதுர கிலோமீட்டர். படங்களில் பார்க்கும் கடற்கரை மயாமி பீச். அது தனி ஊர், அதற்குத் தனி மேயர், 2020-ல் 82,890 பேர். மயாமி பல்கலைக்கழகம் இருப்பது கோரல் கேபிள்ஸில். மயாமி டால்ஃபின்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் மைதானம் மயாமி கார்டன்ஸில். விமான நிலையம் கவுண்டிக்குச் சொந்தம்.

கவுண்டிக்குள் இப்படி 34 நகராட்சிகள் இருக்கின்றன. 2,23,109 பேர் வாழும் ஹயலியாவும் ஒரு நகராட்சி; 2020-ல் 84 பேரே இருந்த, பெரும் பணக்காரர்கள் மட்டும் குடியிருக்கும் இண்டியன் க்ரீக் தீவும் ஒரு நகராட்சி. ஆனால் எந்த ஒரு நகராட்சியையும்விட, இந்த 34-ல் எதிலும் சேராத பகுதியில்தான் கூட்டம் அதிகம்: அங்கே 11 லட்சத்துக்கு மேல். கெண்டல், வெஸ்ட்செஸ்டர், தி ஹாமக்ஸ் எல்லாம் இந்த வகை. கெண்டலில் குடியிருப்பவரின் முகவரியில் "மயாமி" என்றுதான் இருக்கும், ஏனென்றால் தபால் துறை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. தெரு எண்களும் மயாமி டவுன்டவுனில் ஃப்ளாக்லர் தெருவும் மயாமி அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் புள்ளியிலிருந்தே எண்ணப்படுகின்றன. அங்கிருந்து பல மைல் தள்ளியும் தென்மேற்கு 137-ஆவது அவென்யூ என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். ஆனால் அந்தக் கெண்டல்காரர் மயாமி நகர மேயர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அவருக்குக் குப்பை அள்ளுவதிலிருந்து நூலகம் வரை எல்லாம் கவுண்டிதான். நம்மூர் மாவட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு கவுண்டியைப் பார்த்தால் இந்த இடத்தில் இடறும்: இங்கே கலெக்டர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த கவுண்டி மேயரும் 13 கமிஷனர்களும் ஆள்கிறார்கள். 1957-ல் கிடைத்த தன்னாட்சி சாசனத்தால் அமெரிக்காவின் பல கவுண்டிகளைவிட இதற்கு அதிகாரம் கூடுதல். ‘டேட்’ என்ற பழைய பெயரை ‘மயாமி-டேட்’ என்று மாற்றியது 1997-ல், வாக்கெடுப்பு நடத்தி.

இனி நிலத்துக்கு வருவோம். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

கவுண்டியின் மொத்தப் பரப்பு சுமார் 6,300 சதுர கிலோமீட்டர். அதில் 1,380 சதுர கிலோமீட்டர் நீர். மிச்சமுள்ள ஏறத்தாழ 4,900 சதுர கிலோமீட்டர் நிலத்தால் மக்களை வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 550 பேர் என்று வரும். இந்த 550-ஐ யாராவது காட்டினால் ஒதுக்கிவிடுங்கள். அப்படி 550 பேர் வாழும் இடத்தை அந்தக் கவுண்டியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேற்கிலும் தெற்கிலும் பெரும்பகுதி எவர்கிளேட்ஸ் சதுப்பு. கவுண்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 1947-ல் தொடங்கிய எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போய்விடுகிறது. கிழக்கே பிஸ்கேன் வளைகுடா, அதன் தென்பகுதி இன்னொரு தேசியப் பூங்கா. நகர வளர்ச்சிக்கென்று கவுண்டி கோடு போட்டுக் கொடுத்திருப்பது மொத்த நிலத்தில் கால் பங்கு அளவுதான். அதற்குள் கணக்குப் போட்டால் சதுர கிலோமீட்டருக்கு 2,000-த்தைத் தாண்டுகிறது. மயாமி நகரத்துக்குள் மட்டும் பார்த்தால் 4,700.

மேற்கிலிருந்து தரையிறங்கும் விமானத்தில் ஜன்னல் இருக்கை கிடைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நெடுநேரம் கீழே வெறும் புல்லும் நீரும். திடீரென்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு கரை. கரைக்கு இந்தப் பக்கம் நீலப் பச்சை நிறத்தில் செவ்வகம் செவ்வகமாக ஏரிகள். உடனே ஓட்டுக் கூரைகள், நீச்சல் குளங்கள், ஷாப்பிங் மால்கள். அந்த ஏரிகள் இயற்கையானவை அல்ல. பெரியவை கான்கிரீட்டுக்கும் சாலைக்கும் சுண்ணாம்புப் பாறை வெட்டிய குவாரிகள். சிறியவை வீட்டு மனைகளை உயர்த்துவதற்காக அங்கேயே தோண்டிய பள்ளங்கள். தோண்டினால் நீர் வந்துவிடும்; அதையே "ஏரிக்கரை வீடு" என்று விளம்பரம் செய்து விற்றுவிடுவார்கள்.

இந்தக் கவுண்டியில் யார் எங்கே வாழ்கிறார்கள் என்பதை ஆரம்பத்தில் முடிவு செய்தது இரண்டு மூன்று மீட்டர் உயரம்தான். கடற்கரைக்கு இணையாக, அட்லாண்டிக் கரைமேடு என்று சொல்லப்படும் ஒரு சுண்ணாம்புப் பாறை முதுகு வடக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் இன்றைவிட உயரமாக இருந்தபோது கடலடியில் படிந்து இறுகியது. பெரும்பாலான இடங்களில் சில மீட்டர் உயரம்தான். மயாமி நகரின் தென்பகுதியான கோகனட் க்ரோவ் பக்கம் ஏழு மீட்டர் வரை போகிறது. நமக்கு இது மேடாகவே தோன்றாது. ஆனால் மேற்கே ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் உயரத்தில் சதுப்பும், கிழக்கே கண்டல் காடும் கடலும் இருக்கும்போது, கால் நனையாமல் நிற்கக் கிடைத்த ஒரே தரை இதுதான்.

1896 ஏப்ரலில் ரயில் அதிபர் ஹென்றி ஃப்ளாக்லரின் ரயில் மயாமிக்கு வந்ததும் இந்த மேட்டின் மேல்தான். அவரை அங்கே இழுத்து வந்தவர் ஜூலியா டட்டில் என்ற நில உரிமையாளர். அதே ஆண்டு ஜூலையில் 368 பேர் கூடி வாக்களித்து மயாமியை நகரமாக்கினார்கள். அவர்களில் கணிசமானோர் ரயில் பாதை போட வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். எண்ணிக்கைக்கு அவர்கள் வாக்கு தேவைப்பட்டது. நகரம் ஆனவுடன் ரயில் பாதைக்கு மேற்கே, இன்றைய ஓவர்டவுனில் ஒதுக்கிக் குடிவைத்தார்கள். கோகனட் க்ரோவில் அதற்கு முன்பே பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். சுண்ணாம்புப் பாறையில் வீடு கட்டவும், அந்த மண்ணில் எது விளையும் எது விளையாது என்றும் புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

1900-ல் டேட் கவுண்டியில் 4,955 பேர். அப்போது அது இன்றைய பாம் பீச், ப்ரோவர்டு பகுதிகளையும் சேர்த்த பெரிய கவுண்டி. பாம் பீச் 1909-லும், ப்ரோவர்டு 1915-லும் பிரிந்து போயின. பிரிந்த பிறகும் 1920-ல் 42,753. 1930-ல் 1,42,955. பத்தே ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல். நடுவில் 1926 செப்டம்பர் புயல் மயாமியைத் தூக்கியடித்தது, நில வியாபாரம் படுத்தது, அப்படியும்தான் இந்த வளர்ச்சி.

அந்த வளர்ச்சிக்கு மேடு போதவில்லை. அதனால் நிலத்தையே செய்தார்கள். மேற்கே சதுப்பை வடிக்கும் வேலை ஆளுநர் நெப்போலியன் பொனபார்ட் ப்ரோவர்டு காலத்தில், 1906-ல் தொடங்கியது. மயாமி ஆற்றில் அப்போது பாறைமேல் நீர் பாய்ந்து இறங்கும் ஓர் இடம் இருந்தது; எவர்கிளேட்ஸ் நீரை அந்தப் பாறை முதுகுதான் தடுத்து வைத்திருந்தது. கால்வாய்க்காக அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கிழக்கே கார்ல் ஃபிஷர் என்ற நில வியாபாரி வளைகுடாவின் அடிமண்ணை உறிஞ்சிக் கண்டல் காட்டின் மேல் கொட்டி மயாமி பீச்சை உருவாக்கினார். 1915-ல் அது ஊரானது. ஸ்டார் ஐலண்ட், வெனீஷியன் தீவுகள் எல்லாம் வளைகுடாவில் மண் கொட்டிச் செய்தவை.

1947-ல் இரண்டு புயல்கள் வந்து தென் ஃப்ளோரிடாவை மூழ்கடித்தன. அடுத்த ஆண்டே கூட்டரசு பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒன்றுக்கு அனுமதி தந்தது. அதில் கட்டியதுதான் விமானத்திலிருந்து நேர்க்கோடாகத் தெரியும் அந்த வெள்ளத் தடுப்புக் கரை. மேற்கில் நகரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தது அது. கரைக்கு இப்பால் உள்ள சதுப்பு காய்ந்து மனையானது. கெண்டலும் டோரலும் ஹயலியாவின் மேற்குப் பகுதியும் பெருத்தது அதற்குப் பிறகுதான். 1950-ல் 4,95,084 ஆக இருந்த மக்கள்தொகை 1960-ல் 9,35,047.

தெற்கே கடலுக்குள்ளும் ஒரு முயற்சி நடந்தது. பிஸ்கேன் வளைகுடாவின் வெளிவிளிம்பில் இருக்கும் எலியட் கீ உள்ளிட்ட தீவுகளை இஸ்லாண்டியா என்ற நகராட்சியாக்கி, பாலம் போட்டு, மயாமி பீச் போலவே கட்ட 1960-களின் தொடக்கத்தில் திட்டமிட்டார்கள். அதை எதிர்த்தவர்கள் அந்தப் பகுதியை இயற்கைக் காப்பிடமாக்கப் போராடினார்கள். காப்பிடம் வந்தேவிடும் என்று தெரிந்ததும் நில உரிமையாளர்கள் சிலர் ஆத்திரத்தில் தீவின் நடுவே ஆறு வழிச்சாலை அகலத்துக்கு, பதினோரு கிலோமீட்டர் நீளத்துக்கு புல்டோசரால் காட்டை வழித்துத் தள்ளினார்கள். ‘வன்ம நெடுஞ்சாலை’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 1968-ல் காப்பிடம் அறிவிக்கப்பட்டது, 1980-ல் தேசியப் பூங்கா ஆனது. அந்தப் பாதை இன்று மரங்கள் மூடிய நடைபாதை. 2010 சென்சஸில் இஸ்லாண்டியாவில் 18 பேர். 2012-ல் கவுண்டி அந்த நகராட்சியையே கலைத்துவிட்டது.

மக்கள் யார் என்ற கேள்விக்கு 1959-ஐ விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது. கியூபாவில் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்ததும் முதலில் வசதியானவர்கள் வந்தார்கள். 1965 முதல் 1973 வரை ‘சுதந்திர விமானங்கள்’ இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தன. 1980 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மரியெல் துறைமுகத்திலிருந்து படகுகளில் சுமார் 1,25,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் இந்த ஒரே கவுண்டியில் தங்கினார்கள். மொத்த மக்கள்தொகையே 16 லட்சமாக இருந்த இடத்தில் சில மாதங்களில் இத்தனை பேர் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1973-ல் தன்னை இருமொழிக் கவுண்டி என்று அறிவித்திருந்த டேட், 1980 நவம்பரில் கவுண்டி அரசின் அலுவல்களுக்கு ஆங்கிலம் மட்டும் என்று வாக்களித்தது. 1993-ல் அதை ரத்து செய்தார்கள். அதற்குள் வாக்காளர்களே மாறியிருந்தார்கள்.

இன்று ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த ஹிஸ்பானிக் மக்கள் ஏறக்குறைய 69 சதவீதம். பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டில் பிறந்தவர்கள். நான்கில் மூன்று பேர் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறார்கள். வாக்குச்சீட்டு ஆங்கிலம், ஸ்பானிஷ், ஹைட்டியின் க்ரெயோல் ஆகிய மூன்று மொழிகளில் அச்சாகிறது. ஆனால் "ஹிஸ்பானிக்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் ஒன்றும் புரியாது. ஹயலியா கியூபர்களின் ஊர். அங்கே ஆங்கிலம் தெரியாமலே ஆயுளைக் கழிக்கலாம். காபி வேண்டுமென்றால் உணவகத்துக்குள் போக வேண்டாம்: தெருப்பக்கம் திறந்திருக்கும் ‘வெந்தனீத்தா’ என்ற ஜன்னலில் நின்று கொலாதா கேட்டால், ஒரு கோப்பை கெட்டிக் காபியும் ஐந்தாறு சுண்டு விரல் உயர பிளாஸ்டிக் கப்புகளும் தருவார்கள், கூட வந்தவர்களுக்கு நீங்கள் ஊற்றிக் கொடுக்க வேண்டும். டோரலில் வெனிசுவேலாக்காரர்கள் அதிகம், அதனால் ‘டோரல்சுவேலா’ என்ற கேலிப்பெயர். ஸ்வீட்வாட்டரில் நிகராகுவாக்காரர்கள். நார்த் மயாமியிலும் லிட்டில் ஹைட்டியிலும் ஹைட்டி மக்கள். ஆசியர்கள் எல்லாரும் சேர்ந்தே 2 சதவீதத்துக்குள்தான், இந்தியர்கள் அதிலும் ஒரு பகுதி.

தெற்கே ஹோம்ஸ்டெட், ரெட்லாண்ட் பக்கம் போனால் கவுண்டி விவசாய பூமியாகிவிடும். அவகாடோ, லிச்சி, பலா, மாம்பழம். 1889-ல் இந்தியாவிலிருந்து அமெரிக்க வேளாண் துறை கொண்டுபோன மரக்கன்றுகளில் ‘முல்கோபா’ ஒன்று பாம் பீச் பக்கம் பிழைத்துக்கொண்டது. பெயரில் நம்முடைய மல்கோவாதான். அதன் கொட்டையிலிருந்து 1902-ல் கோகனட் க்ரோவில் நட்டு வந்த மரம்தான் ‘ஹேடன்’. உலகச் சந்தையில் இன்று புழங்கும் சிவந்த கன்ன மாம்பழ வகைகளில் பலவற்றுக்கு அதுதான் மூதாதை. சேலத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தென்பகுதியைத்தான் 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் துடைத்தது. கவுண்டியில் 25,000-க்கு மேற்பட்ட வீடுகள் முற்றிலும் அழிந்தன. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு பலர் ப்ரோவர்டுக்குப் போய்விட்டார்கள், திரும்பவில்லை. காலியான இடத்தை வேறு மக்கள் நிரப்பினார்கள்: 1990-ல் சுமார் 27,000 பேர் இருந்த ஹோம்ஸ்டெட்டில் 2020-ல் 80,737. கவுண்டியின் பொது வாடிக்கையும் இதுதான். உள்ளூரில் இருப்பவர்கள் வாடகை தாங்காமல் வடக்கே நகர்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அந்த இடத்தை நிரப்புகிறார்கள். 2010-க்கும் 2020-க்கும் இடையே மக்கள்தொகை 8 சதவீதம் கூடியது என்பது, போனவர்களைக் கழித்து, வந்தவர்களையும் பிறப்பு-இறப்பு வித்தியாசத்தையும் கூட்டிய எண். வெளிநாட்டு வரத்து நின்றால் இந்தக் கவுண்டி சுருங்கும் என்பது என் கணிப்பு.

இனி நீர். மயாமியின் கடல்மட்டப் பிரச்சினை மற்ற கடலோர நகரங்களைப் போல அல்ல. அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. கரையில் சுவர் எழுப்பினால் நீர் சுவருக்கு அடியில் வந்து இந்தப் பக்கம் எழும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் மிக உயரும் நாட்களில் மயாமி பீச்சின் மேற்குத் தெருக்களில் இதைப் பார்க்கலாம். வானத்தில் ஒரு மேகம் இருக்காது. மழைநீர் வடிய வைத்த இரும்புச் சல்லடை வழியே நீர் குமிழியிட்டு மேலே வரும், உப்பு நீர். சில இடங்களில் சாலையையே உயர்த்தி, பம்ப் வைத்து இறைக்கிறார்கள். சாலை உயர்ந்தால் பழைய கடைகளின் வாசல் பள்ளத்துக்குள் போய்விடுகிறது.

அதே பாறைதான் கவுண்டியின் குடிநீர்த் தொட்டியும். பிஸ்கேன் நிலத்தடி நீர்த்தேக்கம் என்பார்கள். கடலுப்பு உள்ளே ஏறாமல் இருக்கக் கால்வாய் முகத்துவாரங்களில் மதகு வைத்து, நன்னீரைக் கடலைவிடச் சற்று உயரத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். பெருமழை பெய்தால் மதகைத் திறந்தால் நீர் தானாகக் கடலுக்கு ஓடும். கடல் உயர உயர அந்தச் சரிவு குறைகிறது. ஓட வேண்டிய நீர் தயங்குகிறது. இதன் மேல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான செப்டிக் டேங்குகள் வேறு. நிலத்தடி நீர் மேலேறினால் அவை வேலை செய்யாது.

இதனால் மேட்டின் மதிப்பு மாறிவிட்டது. நூறு ஆண்டுகளாகப் பணக்காரர்கள் நீரோரத்திலும், கறுப்பினத்தவர்களும் பின்னால் வந்த ஹைட்டியரும் ரயில் ஓடும் மேட்டுப்பக்கம் ஓவர்டவுன், லிபர்ட்டி சிட்டி, லிட்டில் ஹைட்டியிலும் இருந்தார்கள். ஓவர்டவுனை 1960-களில் நெடுஞ்சாலை நடுவே பிளந்து ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியது ஒரு சுற்று. இப்போது முதலீட்டாளர்கள் லிட்டில் ஹைட்டியில் மனை தேடுகிறார்கள். கடல்மட்டம்தான் முழுக் காரணம் என்று சிலர் எழுதுவது மிகை. டவுன்டவுனுக்குப் பக்கம், விலை குறைவு என்பதும் சேர்ந்துதான் இழுக்கிறது. ஆனால் மேடு என்பது விற்பனைப் பேச்சில் வந்துவிட்டது.

மேற்கே வளர்ச்சிக் கோட்டைத் தாண்ட அழுத்தம் எப்போதும் உண்டு. 2022-ல் ஹோம்ஸ்டெட் பக்கம் விளைநிலத்தில் கிடங்குகள் கட்டக் கோட்டை நகர்த்தக் கமிஷனர்கள் வாக்களித்தார்கள். கவுண்டி மேயர் டேனியெல்லா லெவின் காவா மறுத்துத் தடுத்தார். கமிஷனர்கள் மீண்டும் கூடி அந்த மறுப்பைத் தள்ளினார்கள். கிழக்கே கடல், மேற்கே சதுப்பு என்ற நிலையில் மிச்சம் இருக்கும் வழி மேல்நோக்கிக் கட்டுவதுதான். டவுன்டவுனும் அதை ஒட்டிய பிரிக்கல் வட்டாரமும் அடுக்குமாடிக் காடானது அதனால்தான்.

குடிபோவதைப் பற்றி ஒரு வார்த்தை. "மயாமி" என்ற முகவரியை மட்டும் நம்பி வீடு எடுக்காதீர்கள். எந்த நகராட்சி, அல்லது நகராட்சியே இல்லாத கவுண்டிப் பகுதியா என்று பாருங்கள்; வீடு வாங்கினால் வரியும் அதைப் பொறுத்து மாறும். கூட்டரசின் வெள்ள மண்டல வரைபடத்தில் அந்தத் தெருவைத் தேடிப் பாருங்கள். செப்டிக் டேங்கா, சாக்கடை இணைப்பா என்று கேளுங்கள். இந்தியர்கள் கூடுதலாக இருப்பது ப்ரோவர்டு பக்கம். தென் ஃப்ளோரிடாவின் சிவா விஷ்ணு கோயிலும் அங்கே சவுத்வெஸ்ட் ராஞ்சஸில்தான் இருக்கிறது. அங்கே வீடு எடுத்து டோரலிலோ டவுன்டவுனிலோ வேலை என்றால், காலை எட்டு மணி நெரிசலில் ஒருமுறை காரை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.